மறைக்கல்வி எங்கே நடக்கட்டும்: ஆலயத்திலா, கைப்பேசியிலா, வீட்டிலா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் காவிரி டெல்டாவின் பெரும்பாலான பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகங்களில், பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பிக்கும் மறைக்கல்வி வகுப்பும் தொடங்கிவிடும். அதற்கு முன் கூடும் பங்குப்பேரவைகளிலும் சபைக் கமிட்டிகளிலும் சில ஆண்டுகளாக ஒரே வாக்குவாதம். "பிள்ளைகள் வருவதில்லை. எந்நேரமும் கையில் போன். வகுப்பையே போனுக்கு மாற்றிவிட்டால் என்ன?" என்பார் ஒருவர். "கெடுப்பதே அந்தப் போன்தான், அதையே மறைக்கல்விக்கும் கொடுப்பதா?" என்பார் இன்னொருவர். இருவருமே பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் பேசுகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் கேட்பது இதைத்தான்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி கற்பிப்பவள். ஆகவே இங்கே வரும் சொற்கள் அந்தப் பக்கத்தவை. லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகிய சபையார் மறைக்கல்வியை ஞாயிறு பள்ளி என்றும், திருமுழுக்குப் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலைத் திடப்படுத்தல் என்றும் வைத்துப் படித்துக்கொள்ளலாம். சிக்கல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கருவி முதலில் போய்ச்சேர வேண்டியது ஆசிரியரின் கைக்கு. பிள்ளையின் கைக்கு அதற்குப் பிறகுதான். இப்படிச் சொல்வதற்கான காரணங்களை ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் முதலில் நான் பார்ப்பது, கேள்விக்கு இடம் இருக்கிறதா என்பதை. பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கேள்விகளைச் சொல்லவில்லை. பிள்ளைகள் தாங்களாகக் கொண்டுவரும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். "பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் கோயில் பிரசாதம் கொடுத்தார்கள், சாப்பிடலாமா?" "மருந்து குடித்துச் செத்துப்போன எங்கள் மாமா மோட்சத்துக்குப் போவாரா?" "திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு மட்டும் ஏன் வருவதில்லை?" இந்த மூன்றாவது கேள்வியை ஒரு சிறுமி கேட்டபோது, அறையில் இருந்த மற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்கள். பதில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைப் பெரியவர் ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும், அது தவறு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கத் துணிவும், கேட்டால் முகம் பார்த்துப் பதில் சொல்ல ஆளும் கிடைக்கும் வழி எதுவோ, அதற்கே என் தராசில் எடை அதிகம்.

அடுத்தது, வழிபாட்டோடு உள்ள ஒட்டு. திருப்பலியில் உட்கொள்ளும் நற்கருணையைப் பற்றிப் படித்த பிள்ளை, பீடத்தின் முன் போய் நிற்கவும் வேண்டும். செபமும் பாட்டும் முழந்தாளிடுதலும் உடம்பில் பழக வேண்டியவை.

மூன்றாவது, யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பது. ஒரு வழி யாருக்கு வசதி என்று கேட்பது எளிது. யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். நம் பங்குகள் பலவற்றில் மையக் கிராமம் ஒன்று, அதைச் சுற்றிக் கிளைக்கிராமங்கள் பல. பங்குத்தந்தை எல்லா ஞாயிறும் எல்லா ஊருக்கும் போக முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் கரைப் பாதை சேறாகிவிடும்.

இவற்றோடு ஆசிரியர் மேல் விழும் சுமை, பிள்ளையின் பாதுகாப்பு, கைக்காசு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## ஆலயத்தில் ஞாயிறு வகுப்பு

பூசை முடிந்ததும் பாயை விரித்து, வகுப்பு வகுப்பாக உட்காரும் பழைய முறை. இதன் பலம், நேராக வழிபாட்டிலிருந்து வகுப்புக்கு வருவது. அன்றைய நற்செய்தி காதில் இன்னும் இருக்கும். பீடச்சிறுவன், பாடகர் குழுப் பெண், வாசகம் வாசித்த அண்ணன் எல்லாரும் கண்ணெதிரே இருப்பார்கள். "விசுவாசம் என்றால் என்ன" என்பதற்கு அவர்களும் ஒரு விடை.

அதிகம் பேசப்படாத இன்னொரு பலமும் உண்டு. வெவ்வேறு தெருப் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரும் இடம் பல ஊர்களில் பள்ளிக்கூடத்தை விட்டால் இது ஒன்றுதான். இதை இழந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டு மறைக்கல்வியைப் பேசும்போது பார்ப்போம்.

குறைகளும் கண்கூடு. ஒன்பதாம் வகுப்பு ஏறியதும் ஞாயிறு காலை டியூஷன் வந்துவிடுகிறது. பத்து, பன்னிரண்டு என்றால் கேட்கவே வேண்டாம். கிளைக்கிராமத்துப் பிள்ளை மினி பஸ்ஸை நம்பி வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் ஒழுங்காக ஓடாது. வந்து சேர்ந்தாலும் பல வகுப்புகளில் நடப்பது என்ன? ஆசிரியர் வாசிக்கிறார், பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள், வருகைப்பதிவு எடுக்கிறார்கள், மணி அடிக்கிறது. பிள்ளைகள் வராததற்குக் கைப்பேசியைக் குறை சொல்வதற்கு முன் இதையும் ஒருமுறை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

கணக்கில் வராத செலவு ஆசிரியருடையது. கல்லூரி முடித்த இளம்பெண்கள்தான் பெரும்பாலும் இந்தப் பணிக்கு வருகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டில் கைப்பழக்கம் வரும்போது திருமணமாகி வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். வண்ணப் பென்சில், ஜெராக்ஸ், பரிசாகக் கொடுக்கும் சின்னச் சிலுவை எல்லாம் அவர்கள் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன. பஸ் கட்டணமும் அப்படியே. எந்தப் பங்கின் வரவுசெலவிலும் அது ஒரு வரியாக ஏறி நான் பார்த்ததில்லை.

முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் தயாராகும் பிள்ளைகளுக்கு இந்த வழிக்கு மாற்று இல்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இதுவே சிறந்தது.

## நேரலை இணைய வகுப்பு

2020 மார்ச் ஊரடங்கில் ஆலயங்கள் மூடப்பட்டபோது எல்லாரும் இதற்குள் தள்ளப்பட்டோம். நல்லதும் நடந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் பையன், திருப்பூரில் பெற்றோரோடு இருக்கும் பெண், வளைகுடாவில் வேலை பார்க்கும் தகப்பனோடு போன குடும்பம் என ஊரை விட்டுப் போனவர்கள் மறுபடி ஒரே வகுப்பில் முகம் காட்டினார்கள். அது சிறிய நன்மை இல்லை.

ஆனால் ஊருக்குள் இருக்கும் பிள்ளைக்கு இந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்று அருகே போய்ப் பாருங்கள். வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றுதான், அது அப்பாவுடையது. உள்ளே சிக்னல் எடுக்காது என்று பிள்ளை திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். தம்பி தோள் மேல் ஏறித் திரையைத் தொடுகிறான். பாதி வகுப்பில், கொள்முதல் நிலையத்தில் நெல்லை எப்போது எடைபோடுவார்கள் என்று சொல்ல யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். வகுப்பு அத்தோடு அறுந்துவிடுகிறது. மகன் என்றால் மறுபடி இணையவாவது போன் கிடைக்கும். மகள் என்றால், "பெண் பிள்ளைக்கு என்ன அவ்வளவு நேரம் போன்?" என்று அதற்கும் தடை. இணைய வகுப்பு யாரை வெளியே தள்ளுகிறது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: ஏழை வீட்டுப் பிள்ளைகளை, அவர்களிலும் பெண் பிள்ளைகளை.

செலவையும் பார்ப்போம். சூமில் கட்டணமில்லாக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணி நேரம். படத்தோடு நடக்கும் ஒரு மணி நேர வகுப்பு, ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டாவில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஆசிரியருக்கோ நேரில் எடுப்பதை விட இரட்டிப்பு உழைப்பு. கேமராவை அணைத்துவிட்டு இருக்கும் பிள்ளை கேட்கிறதா, தூங்குகிறதா என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பது மனத்தைக் களைப்பாக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் தயக்கமே கூடாது. வாட்ஸ்அப் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. புதுநன்மை வகுப்புப் பிள்ளைகள் அதற்கும் சிறியவர்கள். ஆகவே குழுவில் இருக்க வேண்டியது பெற்றோரின் எண்தான். பிள்ளையோடு ஆசிரியர் தனியாகச் செய்தி பரிமாறக் கூடாது. இணைய வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் நம் சின்னக் குழுவை எட்டிப் பார்க்குமா என்று யோசிக்க வேண்டாம். புதுநன்மைப் படத்தைப் பெயரோடும் ஊரோடும் எல்லாக் குழுக்களிலும் பரப்பும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. மறைக்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஊரை விட்டு வெளியே இருக்கும் இளையோருக்கும், மழை வாரங்களுக்கும் இந்த வழி நல்லது. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்த்தால் அது வகுப்பாக இருக்காது.

## காணொளி, செயலி, செயற்கை நுண்ணறிவு

பிள்ளை தானாகவே பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது அடுத்த வழி. ஆசிரியர் தேவையில்லை, நேரம் தேவையில்லை, செலவு இல்லை என்று தோன்றும். மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய வழி இதுதான்.

இதில் உள்ள நல்லதை மறுக்க முடியாது. திருவிவிலியத்தைக் காதால் கேட்கலாம். எருசலேம் எங்கே, கலிலேயக் கடல் எங்கே என்று வரைபடத்தில் காட்டலாம். திருப்பாடலைப் பத்துமுறை கேட்டு மனப்பாடம் செய்யலாம். பார்வை குறைந்த பிள்ளைக்கும், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் ஒலிநூல் பெரிய வரம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். யூடியூபில் "பத்துக் கட்டளைகள்" என்று தேடும் கத்தோலிக்கப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பதை இரண்டாம் கட்டளையாக எண்ணுகிறோம். சி.எஸ்.ஐ. உள்ளிட்ட மற்றச் சபைகள் பலவற்றில் அது மூன்றாவது. உருவம் செய்யாதே என்பது அங்கே தனிக் கட்டளையாக இரண்டாம் இடத்தில் நிற்கும், நம் எண்ணிக்கையில் கடைசியில் இரண்டாகப் பிரியும் ஆசைப்படாதே என்ற கட்டளை அங்கே ஒன்றாகிவிடும். இரண்டு எண்ணிக்கைக்கும் நீண்ட வரலாறு உண்டு, எதுவும் பிழை இல்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை, "நம் கோயிலில் ஒரு கட்டளையை மறைத்துவிட்டார்கள்" என்ற காணொளியை அடுத்துப் பார்க்கும், நம்பியும் விடும். விவிலிய நூல்கள் நமக்கு 73, பிற சபைகளுக்கு 66 என்பதிலும் இதே குழப்பம்தான். கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என நான்கு சபைக் குடும்பங்கள் ஒரே தெருவில் வாழும் ஊர்கள் நம்முடையவை. அந்த நல்லுறவைக் காக்கவாவது இதை நாம் விளக்கியாக வேண்டும்.

மருந்து குடித்துச் செத்த மாமாவைப் பற்றிய கேள்வியை எடுங்கள். ஒரு காணொளி, நேரே நரகம் என்று முழங்கும். 1992-ல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, தற்கொலை பெரும் பாவம் என்று சொன்ன பிறகும், கடுமையான மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் சொல்கிறது. இரண்டு பதில்களுக்கும் நடுவே ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தூக்கம் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சரியான பதிலே கிடைத்தாலும் கிடைக்கலாம். ஆனால் எந்தச் சபையின் போதனையைச் சொல்கிறது என்பதை அது பல நேரம் தெளிவாகச் சொல்வதில்லை. கேட்ட பிள்ளை அழுகிறதா என்பதும் அதற்குத் தெரியாது.

இந்த இடத்தில் பலர் புனித கார்லோ அகுத்திஸைச் சொல்வார்கள். 15 வயதில் 2006-ல் இறந்து, 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட அந்த இத்தாலியச் சிறுவன், நற்கருணைப் புதுமைகளுக்கு இணையதளம் அமைத்தவர் என்பது உண்மை. அவர் நாள் தவறாமல் திருப்பலிக்குப் போனவர், தன் பங்கில் சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்தவர் என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்வது முறையில்லை.

வகுப்பில் கற்றதை வீட்டில் திரும்பப் பழக இந்த வழியைப் பயன்படுத்தலாம். ஆசிரியர் பார்த்து, தேர்ந்து, இணைப்பை அனுப்ப வேண்டும். தேடிக்கொள் என்று விட்டுவிடக் கூடாது.

## வீடும் அன்பியமும்

பிள்ளைக்கு முதல் மறைக்கல்வி ஆசிரியர் பெற்றோரே என்று திருமுழுக்கின்போது சொல்கிறோம். விளக்கு வைக்கும் நேரத்தில் பாட்டி சொல்லிக்கொடுத்த செபமாலைதான் இன்றைய பெரியவர்கள் பலரின் விசுவாசத்துக்கு வேர். தினமும் நடக்கக்கூடியது, பஸ் வேண்டாம், சிக்னல் வேண்டாம். கிளைக்கிராமத்துக்கு இதை விட ஏற்ற வழி இல்லை என்று தோன்றும்.

ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வந்து, உலை வைத்து, துணி துவைத்து முடிக்கும் தாயிடம் இன்னொரு பொறுப்பைக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. தகப்பன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தால் எல்லாமே அவள் தலையில்தான். "எனக்கே பாதி செபம் தெரியாது டீச்சர்" என்று கூச்சத்தோடு சொல்லும் தாய்மார் பலர். பெற்றோரில் ஒருவர் இந்துவாக இருக்கும் வீடுகளில் இன்னும் மென்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டார் சில குடும்பங்களாகக் கூடிச் செபிக்கும் அன்பியத்தில் நடத்தினால் தாயின் சுமை குறையும். அன்பியங்களோ தெருவாரியாகப் பிரிக்கப்பட்டவை. நம் கிராமங்களில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தந்தத் தெருவுக்கு அந்தந்த வகுப்பு என்று வைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்த பிள்ளைகளை நாமே பிரித்து உட்காரவைத்ததாகிவிடும். தேர் ஏன் எங்கள் தெருவுக்கு வரவில்லை என்று அந்தச் சிறுமி யாரிடம் கேட்பாள்? அவள் தெருவில் எல்லாருக்கும் அந்த வலி தெரியும். கேட்க வேண்டியவர்கள் காதில் அது விழவே விழாது. எந்தச் செலவுக் கணக்கிலும் வராத, ஆனால் இந்த ஒப்பீட்டிலேயே மிகப் பெரிய விலை இது என்று நினைக்கிறேன். அன்பிய மறைக்கல்வி வைக்கும் பங்குகள், மாதம் ஒரு ஞாயிறாவது எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஆலயத்தில் ஒன்றாக உட்காரவைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வீடே போதும். ஆசிரியரே கிடைக்காத கிளைக்கிராமத்தில் அன்பியம் கைகொடுக்கும்.

## கோடை முகாம்

வி.பி.எஸ். என்று சபைகளில் சொல்லும் விடுமுறை வேதாகமப் பள்ளியும், கத்தோலிக்கப் பங்குகளின் கோடை மறைக்கல்வி முகாமும் ஏறக்குறைய ஒன்றே. அபிநயப் பாட்டு, கதை, கைவேலை, கடைசி நாள் கலைநிகழ்ச்சி. மே மாதம் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை குறைவு, டியூஷன் இல்லை, பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். பத்து நாளில் கற்ற பாட்டு பத்து ஆண்டு நினைவில் இருக்கும். ஆனால் பதினோராம் நாள் என்ன என்பதற்கு முகாமிடம் பதில் இல்லை. ஆண்டு முழுவதற்கும் உள்ள பணத்தை இதிலேயே செலவழித்துவிடும் பங்குகளும் உண்டு. புதிய பிள்ளைகளை அழைத்துவரவும், புதிய ஆசிரியர்களைக் கண்டெடுக்கவும் முகாம் நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | கேள்விக்கு இடம் | வழிபாட்டோடு ஒட்டு | விடுபடுவோர் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| ஞாயிறு வகுப்பு | ஆசிரியரைப் பொறுத்து மிக அதிகம் | நேரடி | கிளைக்கிராமத்தார், டியூஷன் பிள்ளைகள் | ஆசிரியரின் கைக்காசு |
| நேரலை இணைய வகுப்பு | சிறு குழுவில் மட்டும் | மிகக் குறைவு | போன் கிடைக்காதவர்கள், பெண் பிள்ளைகள் | டேட்டா, ஆசிரியரின் இரட்டை உழைப்பு |
| காணொளி, செயலி | இல்லை | இல்லை | வழிகாட்ட ஆளில்லாதவர்கள் | பிற போதனைகளால் வரும் குழப்பம் |
| வீடு, அன்பியம் | உண்டு, ஆனால் தெருவுக்குள் | குடும்பச் செபத்தோடு | தாய்க்கு நேரமில்லாத வீட்டார் | தாயின் சுமை, சாதிப் பிரிவு |
| கோடை முகாம் | ஓரளவு | ஓரளவு | விடுமுறையில் வெளியூர் போகிறவர்கள் | ஆண்டுப் பணம் பத்து நாளில் கரைவது |

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

புதுக் கருவி வந்து மறைக்கல்வி திகைத்து நிற்பது இது முதல் முறை இல்லை. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதலில் அச்சான நூலே ஒரு மறைக்கல்வி நூல்தான்: 1578-ல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்". லுத்தரன் சபையின் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706-ல். அடுத்த ஆண்டே பள்ளிகளைத் தொடங்கிவிட்டார். அச்சகம் அதற்குப் பின்னர்தான் வந்தது, தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-ல். முதலில் ஆசிரியரும் பிள்ளைகளும், பிறகு அச்சு இயந்திரம். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், வேதியர்கள் என்று அழைக்கப்பட்ட, ஊர் ஊராகப் போய்க் கற்பித்த மறைக்கல்வி ஆசிரியர்களுக்கென்றே "வேதியர் ஒழுக்கம்" எழுதினார். தமிழில் அத்தனை வல்லமை வாய்ந்த அறிஞர், கற்பிக்கிறவர்களைப் பக்குவப்படுத்த ஒரு நூலை ஒதுக்கினார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார்.

ஆகவே என் தேர்வு: வகுப்பு ஆலயத்தில், கருவி ஆசிரியரிடம்.

பிள்ளைகளுக்குப் போதாத அந்த 40 நிமிட இணையக் கூட்டம், ஆசிரியர்களுக்குத் தாராளமாகப் போதும். மையக் கிராமத்திலும் கிளைக்கிராமங்களிலும் உள்ள ஆசிரியர்கள் வாரம் ஒருநாள் இரவு, சாப்பாட்டு வேலை முடிந்த பிறகு, பங்குத்தந்தையோடோ அருட்சகோதரியோடோ இணையத்தில் கூடட்டும். வரும் ஞாயிறு நற்செய்தியை ஒருவர் வாசிக்கட்டும். போன வாரம் பிள்ளைகள் கேட்ட, பதில் சொல்லத் தெரியாத கேள்விகளை எடுத்துப் பேசட்டும். தனியாக ஒரு கிளைக்கிராமத்தில் கற்பிக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு, தனக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியம் இதில் கிடைக்கும். மாமாவைப் பற்றிய கேள்வி வந்தால் அவள் திணறமாட்டாள். அவள் மணமாகிப் போனாலும், அடுத்து வருகிறவள் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. படம், வரைபடம், பாட்டு எல்லாம் அந்தக் குழுவிலேயே சேர்ந்திருக்கும்.

பிள்ளைகளுக்குப் போவது வாரம் ஒரே ஒரு குரல்பதிவு, பெற்றோரின் எண்ணுக்கு. அந்த வாரத்து இறைவசனம், ஒரு சிறு செபம், பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். செபம் பாதிதான் தெரியும் என்று கூச்சப்பட்ட தாயும் பிள்ளையோடு சேர்ந்து கேட்டுக் கற்றுக்கொள்வார். மனப்பாடம் வீட்டுக்குப் போய்விட்டதால் ஞாயிறு வகுப்பில் நேரம் மிச்சமாகும். அந்த நேரம் முழுவதும் கேள்விகளுக்கு.

மேல்நிலைப் பிள்ளைகள் விஷயத்தில் இதுவும் போதாது. டியூஷனோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அவர்களுக்கு மாதம் ஒரு சந்திப்பு, நடுவில் சிறு இணையக் குழு, அதோடு ஆகஸ்டில் வேளாங்கண்ணிப் பாதயாத்திரை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்னிருந்தே நம் சாலைகளில் நடக்கும் கூட்டத்தில் இளையோர் எத்தனை பேர் என்று பாருங்கள். வகுப்புக்கு வராதவனும் நடக்க வருகிறான். கூடவே ஓர் ஆசிரியர் நடந்தால், இரவில் பந்தலில் கால் நீட்டி உட்காரும் நேரத்தில், வகுப்பில் கேட்காத கேள்வியை எல்லாம் கேட்பான். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை வேலையும் கிறிஸ்துமஸ் பாடல் பவனியும் இதே வாய்ப்பைத் தருகின்றன.

## உங்கள் நிலைமைக்கு எது

ஆசிரியர் மூவருக்குக் குறையாத மையப் பங்கு என்றால் மேலே சொன்னபடி நடத்தலாம், பெரிய பணம் தேவைப்படாது. ஆசிரியரே இல்லாத கிளைக்கிராமம் என்றால் அன்பியத்தில் தொடங்குங்கள், மாத ஒன்றுகூடலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் விடுதியிலும் வெளியூரிலும் இருந்தால் நேரலை வகுப்பே முதன்மை. அவர்கள் ஊருக்கு வரும் கிறிஸ்துமஸ், பொங்கல், உயிர்ப்பு விடுமுறைகளில் நேரில் சந்திக்கும் நாளை முன்கூட்டியே குறித்துவையுங்கள். நன்கொடையாளர் ஒருவர் புரொஜெக்டர் வாங்கித் தருகிறேன் என்று வந்தால் நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் ஆசிரியர்களின் ஓராண்டுப் பஸ் கட்டணத்தையும் வகுப்புப் பொருள்களையும் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்று விவரம் வாங்குங்கள்: வீட்டில் இருக்கும் போன் யாருடையது, அது எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும், பிள்ளை அதைப் பார்க்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள். படம் எடுக்கவும் குழுவில் சேர்க்கவும் ஒப்புதலையும் அதிலேயே கையெழுத்தாக வாங்கிவிடலாம். படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாதீர்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது பெற்றோரை நிறுத்தி, நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் தயங்காமல் பதில் சொல்வார்.